எட்டு எழுத்துக்கு அப்புறம்

ராஜபாளையத்திலிருந்து வரும் பஸ் ஊருக்குள் நுழைந்ததும் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "சங்கரன்கோவில்! சங்கரன்கோவில்லாம் எறங்கு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். கல்யாணமாகி வந்த புதிதில் அதைக் கேட்டால் எனக்குக் காது சிவந்துவிடும். ஊர்ப் பெயரின் முதல் பாதிதான் என் வீட்டுக்காரர் பெயர். இதற்கு மேல் விளக்க மாட்டேன். மேலே இருப்பதும் கண்டக்டர் சொன்னது, நான் சொன்னதில்லை.

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். அதை நம்பினேனா என்றால், இல்லை. ஆனால் ஒன்றைப் பொய் என்று காட்ட வேண்டுமானால் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்கு என் வீட்டுக்காரர்தான் அகப்பட்டாரா? அதனால் சொல்லாமலே இருந்துவிட்டேன். மற்றப் பெண்களுக்கு ஒரு பெயரோடு போயிற்று, எனக்கு ஊரும் சேர்ந்து போயிற்று. "ஒன்னைய எந்த ஊர்ல கெட்டிக் குடுத்திருக்கு?" என்று யாராவது கேட்டால், "ஆடித்தபசு நடக்கும்லா, அந்த ஊர்ல" என்று சுற்றி வளைத்துப் பதில் சொல்வேன்.

எண்பதுகளின் பின்பாதியில் நாங்கள் இரண்டு பேரும் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினோம். மொத்தம் இரண்டு மெஷின்கள். பச்சை எழுத்துத் திரை, ஃப்ளாப்பி போடுகிற வாய், ஒரு பழைய ஏ.சி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று சொல்லி வைத்திருந்தோம். பிள்ளைகளோ சாமி சந்நிதிக்கு வருவது போலக் குனிந்து வந்தார்கள். ஒரு பையன் உள்ளே வந்ததும் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நானே பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் எழுபதுகளில் பம்பாய்க்குப் போனவர். அங்கே ஒரு பெரிய அலுவலகத்தில், அறை நிறைய நிற்கிற மெஷினில் அட்டையில் ஓட்டை போட்டு வேலை பார்த்தவர். அவருடைய அப்பா இறந்து, அம்மா தனியாகிவிட்டதால் சம்பளமில்லாத நீண்ட விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். வந்த இடத்தில் எங்கள் கல்யாணமும் நடந்தது. அவருடைய நாற்காலியைச் சித்திரை கழியும்வரை காலியாக வைத்திருப்பதாகப் பம்பாயில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் இங்கே நிலையான ஒரு வருமானம் அமைந்தால் இருந்துவிடுவார், அமையாவிட்டால் போய்விடுவார். பம்பாயில் அவர் இருந்தது ஐந்து ஆண்கள் படுத்துறங்கும் ஒற்றை அறை. அதில் பெண்டாட்டிக்கு இடமில்லை. வகுப்பில் வந்த காசு கரண்ட் பில்லுக்கும் வாடகைக்கும் சரியாக இருந்தது. ஆகச் சித்திரை கழிந்தால் நான் மாமியாரோடு, அவர் மற்ற நான்கு ஆண்களோடு என்று ஏற்பாடு. இது என் மனதில் காலையில் எழுந்ததும் முதலில் வந்து நிற்கும். அவரிடம் சொன்னதில்லை.

காலை வகுப்பு அவருடையது. கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுப்பார். சாயங்கால வகுப்பு என்னுடையது. பேசிக், பாஸ்கல், சி. எந்த மொழியானாலும் கூட்டல் கழித்தல் முடிந்த கையோடு வருகிற பாடம் ஒன்றுதான்: மெஷின் ஒரு பெயரை எப்படி வைத்துக்கொள்கிறது, எப்படி வெட்டுகிறது, ஒட்டுகிறது, இரண்டு பெயரும் ஒன்றா என்று எப்படிப் பார்க்கிறது. எண்ணைப் பொறுத்தமட்டில் எல்லா மொழியும் ஒன்று போலத்தான் நடந்துகொள்ளும். பெயர் என்று வந்துவிட்டால் ஒவ்வொன்றின் சுயரூபமும் தெரிந்துவிடும். மனிதர்களும் அப்படித்தானே.

அவர் கரும்பலகையில் உதாரணத்துக்குத் தன் பெயரையே எழுதுவார். வாத்தியார்களுக்கு உள்ள வியாதி. எனக்கு அது முடியாது. ஆகவே நான் கரிவலம்வந்தநல்லூரைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து ஊர், பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கிருந்துதான் பஸ்ஸில் வந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் இருபது எழுத்து. மெஷினுக்குத் தமிழ் தெரியாத காலம் அது.

"நான் படிச்ச காலத்து ஃபோர்ட்ரான் பாஷைக்கு எழுத்தே தெரியாதுட்டி. எண்ணு மட்டுந்தான்" என்பார் அவர். நான்கு நான்கு எழுத்தாக வெட்டி, எண்களுக்கென்று இருந்த இடத்தில் திணிக்க வேண்டுமாம். கரிவலம்வந்தநல்லூர் ஐந்து துண்டாகப் போய் ஐந்து எண்களாக உட்கார்ந்திருக்கும். அதைத் திருப்பி அச்சடிக்கும்போது மறதியாக ஒரு துண்டை எண் என்றே அச்சடித்துவிட்டால் தாளில் ஏதோ பெரிய தொகை வருமாம். அப்படி ஒரு தடவை அவருடைய மேலாளர் பெயர் லட்சக்கணக்கில் வந்து நின்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கோபோல் தாலுகா கச்சேரி உத்தியோகஸ்தர் மாதிரி. பெயருக்கு எத்தனை இடம் வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பதினைந்து என்று எழுதினால் பதினைந்துதான். இளையரசனேந்தல் என்ற ஊர்ப் பெயர் கச்சிதமாக உட்காரும். ராயகிரி என்று சின்ன ஊர்ப் பெயரை எழுதினால் மிச்ச இடத்தையெல்லாம் வெற்றிடம் போட்டு நிரப்பிக்கொள்ளும். கரிவலம்வந்தநல்லூர் என்றால் பதினைந்தோடு வெட்டி எறிந்துவிடும், வெட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. நல்லூர் போய், கரிவலம்வந்தன் என்று யாரோ ஓர் ஆள் வந்த மாதிரி இருக்கும்.

பேசிக் தாராளம். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்காமல் இலை போடுகிற கல்யாண வீடு. இடப்பக்கம் மூன்று எழுத்து கொடு என்றால் கொடுக்கும், நடுவில் ஐந்து எழுத்து கொடு என்றால் கொடுக்கும், கூட்டல் குறி போட்டால் இரண்டு பெயரையும் ஒட்டித் தரும். எங்கள் மெஷினில் இருந்த பேசிக்கில் வெட்டி ஒட்டிய துண்டுகளெல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் மெஷின் பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிடும். "மிஸ், செத்துப்போச்சு!" என்று பிள்ளைகள் அலறுவார்கள். "எச்சிலை எடுக்குது. பொறுங்க, அடுத்த பந்தி போடும்" என்பேன். சற்று நேரத்தில் அதுவே நகரும்.

பாஸ்கலைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் வைத்திருந்த பாஸ்கலில் இருபது எழுத்துப் பெட்டியையும் பதினைந்து எழுத்துப் பெட்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூட விடாது. இரண்டும் வேறு ஜாதி என்று திருப்பி அனுப்பிவிடும். ஒழுக்கம் கற்றுக்கொடுப்பதற்கென்றே உண்டாக்கிய மொழி என்று மதுரையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னார். ஒழுக்கம்தான், மறுக்கவில்லை.

எனக்குப் பிடித்தது சி. அதற்குப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. வரிசையாக எழுத்துகள், கடைசியில் ஒரு சைபர், அவ்வளவுதான். அந்த சைபரையும் சேர்த்தால் கரிவலம்வந்தநல்லூருக்கு இருபத்தொரு இடம் வேண்டும். மல்லிகைச் சரத்தின் கடைசியில் முடிச்சுப் போட மறந்தால் பூ உதிர்வது போல, சைபர் வைக்க மறந்தால் பெயர் எங்கே முடிகிறது என்று மெஷினுக்குத் தெரியாது. அடுத்து நினைவில் என்ன கிடக்கிறதோ அதையும் பெயரென்றே வாசித்துக்கொண்டு போகும். இரண்டு பெயரும் ஒன்றா என்று சமக்குறி போட்டுக் கேட்டால், பெயர்களைப் பார்க்காது, அவை இருக்கிற இடம் ஒன்றா என்று பார்த்துச் சொல்லும். எழுத்தெழுத்தாகப் பார் என்று தனியாகச் சொல்ல வேண்டும். எத்தனை எழுத்து வரைக்கும் பார்த்தால் போதும் என்றும் சொல்லலாம். நாம் சொன்னதை மட்டும் செய்யும், சொல்லாததைச் செய்யாது. அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

"கடைசில சைபர் வைக்க மறக்காத ஆளு ஒலகத்துல உண்டா? கோபோல்ல இந்த வம்பே கெடையாது. பொட்டி முழுக்கப் பாத்துச் சொல்லிரும்" என்பார் அவர்.

"வெத்துப் பொட்டியைப் போய் முழுக்கப் பாத்துட்டிருக்கும். அதுக்குள்ள சோறு ஆறிப்போயிரும்" என்பேன்.

மத்தியானச் சாப்பாட்டில் இதுதான் பேச்சு. என் மாமியார், "எவனோ வெள்ளைக்காரன் பாஷைக்கு இதுக ரெண்டும் அடிச்சுக்கிடுது" என்று சொல்லிக்கொண்டே ரசம் ஊற்றுவார். எங்களுக்குள் கொஞ்சல் என்று இருந்தது அநேகமாக இந்தச் சண்டைதான்.

தை மாதம் ஓர் ஆள் தேடிவந்தார். கரிவலம் தாண்டி மெயின் ரோட்டில் ஒரு பஞ்சாலை. அங்கே கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. தொழிலாளர்களின் விவரத்தை அதில் ஏற்ற வேண்டும், பெயரை அடித்தால் அந்த ஆளின் பிரிவு, ஷிப்ட், எல்லாம் திரையில் வர வேண்டும். செய்து காட்டினால், மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நிரந்தரமாக வேலைக்கு வைப்பார்கள். அவர் போனதும் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். எனக்கு அழுகை வரும் போல இருந்தது. சித்திரைக்கு இன்னும் நாள் இருந்தது. வேலை கிடைத்தால் பம்பாய் இல்லை.

திட்டமெல்லாம் அவருடையது. எந்த விவரம் முதலில், எது அடுத்து, ஒரே பெயர்க்காரர்கள் இருந்தால் பெயருக்குப் பின்னால் இனிஷியலைப் போட வேண்டும், எல்லாம் பம்பாய் அனுபவம். கோபோலில்தான் எழுதிப் பார்த்தோம். சின்ன மெஷினில் அது மாட்டு வண்டியாக நகர்ந்தது. ஒரு பெயரைத் தேடச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். "நான் சி-ல எழுதுதேன்" என்றேன். அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

பெயரை ஒப்பிடுகிற இடத்தில் முதல் எட்டு எழுத்தை மட்டும் பார் என்று எழுதினேன். அந்த மெஷினில் கோப்புக்குப் பெயர் வைத்தால்கூட எட்டு எழுத்துக்கு மேல் ஏற்காது. உலகத்துக்கே எட்டு போதும் என்றால் ஒரு பஞ்சாலைக்குப் போதாதா? தேடல் பறந்தது.

"முழுசாப் பாத்துரேன்" என்றார் அவர்.

"வேகம் போயிரும்" என்றேன்.

"சரி, நல்லா டெஸ்ட் பண்ணிக்கோ."

பண்ணினேன். வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களையே தொழிலாளர்களாக ஏற்றினேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் சாமி பெயர் வைத்த பையன்கள் நிறைய. ஊர் அப்படி. சிலருக்கு என் வீட்டுக்காரர் பெயரே, மற்றவர்களுக்கு அதிலேயே ஆரம்பித்து வால் நீண்ட பெயர். அவர் இனிஷியல் சொல்லிக் கூப்பிடுவார். நான் ஒருவனைப் பெரிய கண்ணாடி என்பேன், ஒருவனை ராயகிரி என்பேன், ஒருவனை ஜன்னலோரம் என்பேன். அவர்களுக்கும் பழகிவிட்டது. பெயர்களை ஏற்றும்போது இந்தப் பையன்கள் எல்லாரையும் விட்டுவிட்டேன். அடிக்க அடிக்க உதடு தானாக முணுமுணுக்கும் பழக்கம் எனக்கு. வால் நீண்ட பெயர்களையாவது அடித்திருக்கலாமே என்றால், அவரைத் தாண்டாமல் வாலுக்குப் போக முடியாதே. மிச்சப் பெயர்களெல்லாம் சொன்ன மாதிரி வந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

பங்குனியில் ஒரு காலை இரண்டு பேரும் ஆலைக்குப் போனோம். பை நிறைய ஃப்ளாப்பி. அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனோம். புது ஏ.சி., தரை பனிக்கட்டியாக இருந்தது. மேனேஜர் வெள்ளை முழுக்கைச் சட்டையில் நடுவயதுக்காரர். பக்கத்தில் டைம் ஆபீஸ் அண்ணாச்சி ஒருவர், ஆட்களின் வருகையைப் பார்ப்பவர். ஆலை ஆட்களின் பெயர்களை அவருடைய அலுவலகப் பையன்கள் இரண்டு பேர், நாங்கள் கொடுத்தனுப்பிய ஃப்ளாப்பியைப் போட்டு, முந்தின நாளே உட்கார்ந்து ஏற்றியிருந்தார்கள். நாங்கள் கொண்டுபோன தேடலை அதன்மேல் ஓட்ட வேண்டியதுதான்.

"நீங்களே ஒரு பேரை அடிங்க, அண்ணாச்சி" என்றார் என் வீட்டுக்காரர்.

புது மெஷினின் முன்னால் உட்கார்கிற யாரும் முதலில் அடிப்பது தன் பெயரைத்தான். அவரும் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தார். அடித்த எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த நான், உதடு முணுமுணுத்துவிடாமல் கடித்துக்கொண்டேன்.

திரையில் ஓர் ஆள் வந்தான். நூற்புப் பிரிவு, இரவு ஷிப்ட், பதிலி.

"ஏம்மா, எம்பேரை அடிச்சா வேற எவனோ வாரானே! நான் பெர்மனென்ட்டு. என்னயப் போய்ப் பதிலின்னு போட்டிருக்கு!"

"இனிஷியலோட அடிங்க" என்றேன். அடித்தார். அதே பதிலி வந்தான். மேனேஜர் இன்னொருவர் பெயரைச் சொன்னார், வால் நீண்டது. அதே பதிலி. இன்னொரு பெயர், இன்னொரு இனிஷியல். திரும்பவும் அவனே வந்து நின்றான்.

மேனேஜர் சிரித்தார். "அப்ப எங்க ஆலையில பாதிக்கு மேல ஒரே ஆளுதானா?"

எனக்கு இதற்குள் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பெயர் ஆங்கிலத்தில் சரியாக எட்டு எழுத்து. எட்டு எழுத்துப் பார்த்ததும் மெஷின் நின்றுவிடுகிறது. இனிஷியலும் வாலும் இருப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த ஊர்ப் பக்கத்தில் அந்த எட்டு எழுத்தோடு எத்தனை பேர்!

நான் வாய் திறக்கும் முன் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ப்ரோக்ராம் நான் எழுதினதுதான் சார். என் தப்பு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், தெரியும். இருந்தாலும் இரவும் பகலும் உட்கார்ந்து எழுதியவள் நான். நல்லதாக வந்திருந்தால் என்னுடையது, தப்பாக வந்தால் அவருடையதா?

"இல்ல சார், நான் எழுதினது. அவங்க முழுசா ஒப்பிடணும்னுதான் சொன்னாங்க. நான்தான் எட்டு போதும்னேன்."

"டெஸ்ட் பண்ணலியாம்மா? இந்தச் சுத்து வட்டாரத்துல இந்தப் பேரு இல்லாத வீடு உண்டா? இந்தப் பேரை விட்டுட்டா டெஸ்ட் பண்ணுவாங்க?"

"பண்ணினேன் சார். இந்தப் பேரை மட்டும் அடிக்கலை."

"அதான் ஏன்?"

நான் தரையைப் பார்த்தேன். "வீட்டுக்காரர் பேரு."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்ல மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அடிக்கக்கூட மாட்டேன் என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் முகத்தில் வந்தது சந்தோஷமா சங்கடமா என்று எனக்கு விளங்கவில்லை. அவரைப் பம்பாய்க்கு அனுப்பாமல் இருக்கத்தான் அந்த ப்ரோக்ராமை எழுதினேன். அவர் ஆயுசுக்குப் பயந்தே அதைக் கெடுத்துவிட்டேன். இந்தக் கூத்தை நான் யாரிடம் சொல்லி முறையிடுவது?

முதலில் சிரித்தது அண்ணாச்சிதான். "அதுல என்ன சார் அதிசயம்? எங்க வீட்டுலயும் அப்படித்தானே. ரேஷன் கடையில பேரு கேட்டா பக்கத்துல நிக்கவகளைப் பாத்துக் கையைக் காட்டுவா, அவுக சொல்லணும்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "இப்ப இங்கன வச்சே சரி பண்ண முடியுமா?"

எழுதியதை மெஷின் பாஷைக்கு மாற்றுகிற கம்பைலர் ஃப்ளாப்பி என் பையில் இருந்தது. உட்கார்ந்தேன். எட்டு என்ற எண்ணை எடுத்துவிட்டு, இரண்டு பெயரும் முடிகிற சைபர் வரை பார் என்று மாற்றினேன். அவ்வளவுதான் வேலை. மெஷின் அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. ஃப்ளாப்பியை மாற்றி மாற்றிப் போட வேண்டும். கேட்கக் கேட்க என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

அண்ணாச்சி மறுபடி தன் பெயரை அடித்தார். அவரே வந்தார், நிரந்தரம், டைம் ஆபீஸ். அடுத்த இனிஷியலுக்கு அடுத்த ஆள். வால் நீண்டவர்களும் தனித்தனியாக வந்தார்கள். முன்பிருந்ததைவிட மெதுவா என்றால், கண்ணுக்குத் தெரிகிற மெதுவில்லை. இதற்கா நான் அத்தனை மத்தியானங்கள் சண்டை போட்டேன் என்று இருந்தது.

மேனேஜருக்குப் பிடித்துவிட்டது. அவருடைய அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "மெஷினு ஒண்ணு, ஆளும் ஒண்ணுதான் எடுக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க பம்பாய்ல பெரிய மெஷின்ல இருந்தவரு. இந்தச் சின்ன மெஷினுக்கு இதை எழுதினவுகதானே வேணும்? நின்ன எடத்துல சரி பண்ணிட்டாகளே. அம்மா திங்கக்கிழமையிலேருந்து வரட்டும். என்ன சொல்லுதீங்க?"

"வருவா சார்" என்றார் அவர். உடனே சொன்னார். என்னைக் கேட்கவில்லை. அவர் குரல் எப்போதும் போலவே இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பருத்திக் காடாகப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கென்று நினைத்த வேலையில் நான் போய் உட்கார்ந்துவிட்டேன். பம்பாய்க்குப் போகாமல் இருக்க அவருக்கு இருந்த ஒரே காரணத்தையும் எடுத்துக்கொண்டேன். "நான் வரலைன்னு சொல்லிருதேன். ஒங்களை எடுக்கச் சொல்லுவோம்" என்றேன்.

"ஒனக்குன்னு குடுத்ததை எனக்குக் கேட்டு வாங்கவா? பேசாம வா" என்றார்.

வீட்டில் மாமியார் முதலில் என் தலையைத் தடவினார். பிறகு யோசித்துவிட்டு, "பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து சாப்புடுதான்னு ஊரு பேசுமேட்டி. அவன் இருப்பானா?" என்றார். அதில் பொல்லாப்பு இல்லை. அவருக்கும் என் பயம்தான். மறுநாள் என் வீட்டுக்காரர் பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தார். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். சாவி திரும்புகிறதா என்று பார்த்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அந்தச் சாவிச் சத்தத்தைக் கேட்டேன். போகாதீர்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சம்பளம் வாங்கப் போகிறவள் சொன்னால் அது வேறு மாதிரி காதில் விழுமோ என்று விழுங்கிவிட்டேன். அன்று முழுக்க எல்லார் மேலும் எரிந்து எரிந்து விழுந்தேன். பால்காரர் காரணமில்லாமல் ஏச்சு வாங்கினார்.

அந்த வாரக் கடைசியில் என் சாயங்கால வகுப்பு. சி-யில் பெயரின் முடிவைப் பற்றிப் பாடம், பாதி நடந்துகொண்டிருந்தது. கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முன் பெஞ்சில் இரண்டு பையன்களை நகரச் சொல்லி உட்கார்ந்தார்.

நான் சாக்பீஸோடு நின்றேன். "என்ன வேணும்?"

"நீ திங்கக்கிழமையிலேருந்து மில்லுக்குப் போயிட்டா இந்தப் பேட்சை யாரு எடுக்கது? எனக்கு சி தெரியாதுல்லா."

ஜன்னலோரம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பம்பாய்?" என்றேன்.

"வரலைன்னு எழுதிப் போட்டாச்சு. பொட்டியை அம்மா நெல்லுப் போட்டு வைக்கக் கேட்டா, குடுத்துட்டேன்." பக்கத்துப் பையனிடம் பென்சிலுக்குக் கை நீட்டினார். "சரி, சொல்லிக்குடு. நான் கொஞ்சம் மெதுவு."

பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணைத் துடைத்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்று துடைக்காமல் நின்றேன். கல்யாணமாகி வந்த நாள் முதல், இந்த மனிதர் ஒரு நாள் ரயிலேறிப் போய்விடுவார் என்று உள்ளுக்குள் தயாராகிக்கொண்டே இருந்திருக்கிறேன். இனித் தயாராக வேண்டியதில்லை.

"மிஸ், அப்ப மொதல்லேருந்தா நடத்தப்போறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பிள்ளை சலித்துக்கொண்டது.

"ஆமா" என்றேன். "மொதல்லேருந்து."